யுத்த பூமியில் நகைச்சுவை

2002-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் ஆஸ்கார் பரிசு விழா நடந்தபோது, நம் நாட்டில் சினிமாவிடத்து ஓரளவேனும் ஈடுபாடு உள்ளவர்கள் எல்லோரும், அசுதோஷ் கோவாரிகரின் 'லகான்' படத்துக்கு அயல்மொழிப் படத்துக்குரிய பரிசு வந்துவிடும் என்ற பெரும் எதிர்பார்ப்போடு இருந்தார்கள், அது ஏ. ஆர். ரஹ்மான் இசையமைத்த படம் என்பதால், தமிழ்நாட்டாருக்கு அந்த எதிர்பார்ப்பில் தனிப்பட்ட பாத்தியதையும் ஒன்று சேர்ந்திருந்தது. பரிசு 'லகானு'க்குக் கிடைக்கவில்லை. பிரான்சிலிருந்து வந்து உலகெங்கும் கொண்டாடப்பட்ட 'அமேலி'க்கும் கிடைக்கவில்லை. போஸ்னியா என்னும் சிறிய தேசத்தைச் சேர்ந்த, 33 வயதே ஆன டானிஸ் தானோவிச் எழுதி இயக்கிய 'நோ மேன்ஸ் லேண்ட்' என்ற படம் அதைப் பெற்றது. நம் பத்திரிகைகளில் சில நாட்கள் ஏமாற்றத்தின் பேச்சாகவே இருந்ததால், வென்ற படம் எத்தகையது, அதை எடுத்தவர் யார், எந்த அனுபவத்திலிருந்து அது பிறந்தது என்ற விசாரணை இங்கே போதிய அளவு நடைபெறாமலே போயிற்று.

அந்தப் படம் யுத்தத்தைப் பற்றியது; பார்ப்பவரைப் பல இடங்களில் வாய்விட்டுச் சிரிக்க வைப்பது; சிரித்து முடிந்த பின் அந்தச் சிரிப்பை எங்கே வைப்பது என்று தெரியாமல் தவிக்க விடுவது. அவல நகைச்சுவை என்று நம் விமர்சகர்கள் பெயரிட்டு வழங்கும் இவ்வகைக் கலை, குண்டுகளால் சிதைந்துபோன ஒரு தேசத்தில், அச்சிதைவை உள்ளிருந்தே கண்டவர்களின் கையால் எவ்வாறு உருவாகிறது என்பதையும், அதற்கு அவர்கள் கொடுக்கும் விலை என்ன, காட்டும் கட்டுப்பாடு என்ன என்பதையும் சற்று நிதானமாகப் பார்க்க விரும்புகிறேன். பேரழிவைக் கண்டு சிரிக்கும் உரிமை அதன் நடுவே வாழ்ந்தவனுக்கே முதலாவதாக உண்டு என்பதும், எந்த இடத்தில் சிரிப்பை நிறுத்திவிட வேண்டும் என்பதை அவனே திட்டமாக அறிவான் என்பதும் என்னுடைய துணிபு.

கதை போஸ்னிய யுத்தம் நடந்துகொண்டிருந்த 1993-ஆம் ஆண்டில், ஏறக்குறைய ஒரே பகற்பொழுதில் நடந்து முடிகிறது. முன்னணியில் நிற்கும் தோழர்களுக்கு மாற்றாகச் செல்லப் புறப்பட்ட போஸ்னியச் சிப்பாய்கள் சிலர், இரவில் மூடுபனியில் வழிதவறி, பொழுது விடியும்போது செர்பியர்களின் துப்பாக்கிகளுக்கு நேரே வந்து நின்றுவிடுகிறார்கள். சிக்கி என்பவன் மட்டும் காயத்தோடு தப்பி, இரு தரப்புக்கும் நடுவே யாருடைய ஆதிக்கத்திலும் இல்லாத ஒரு பதுங்குகுழிக்குள் விழுகிறான். அங்கே யாரேனும் உயிரோடு இருக்கிறார்களா என்று பார்த்துவர இரண்டு செர்பியர்கள் அனுப்பப்படுகிறார்கள். அவர்களில் மூத்தவன், செத்துக் கிடப்பதாகத் தான் நினைத்த செரா என்ற சிப்பாயின் முதுகுக்கடியில் ஒரு கண்ணிவெடியைப் புதைத்து வைக்கிறான். சடலத்தை எடுக்க வருபவர்கள் அதைத் தூக்கிய மாத்திரத்தில் வெடி மேலெழுந்து வெடித்து, சுற்றி நிற்பவர் அனைவரையும் கொன்றுவிடும் என்பது அவன் திட்டம். மறைந்திருந்த சிக்கி சுட்டதில் அவன் மடிகிறான். நீனோ என்ற புதிய சிப்பாய் காயமடைகிறான். அதன் பிறகுதான் விபரீதம் தெரிகிறது: செரா சாகவில்லை. மயக்கம் தெளிந்து கண் விழிக்கும் அவன் அசையக்கூடாது, இருமக்கூடாது, உடம்பு அரித்தாலும் சொறிந்துகொள்ளப் புரளக்கூடாது. அவன் அசைந்தால் மூவரும் அழிவார்கள்.

இந்த ஏற்பாட்டிலேயே படத்தின் நகைச்சுவையும் பயங்கரமும் முழுவதும் அடங்கிக் கிடக்கின்றன. யுத்தத்தைத் தொடங்கியவர்கள் யார் என்று சிக்கியும் நீனோவும் வாதாடுகிறார்கள். துப்பாக்கி சிக்கியின் கையில் இருக்கும்போது, தொடங்கியது தங்கள் தரப்பே என்று நீனோ ஒப்புக்கொள்ள நேர்கிறது. சற்று நேரத்தில் துப்பாக்கி நீனோவின் கைக்கு மாறியதும், அதே கேள்வி அதே தோரணையில் திரும்பக் கேட்கப்பட்டு, அதே ஒப்புதல் வேறொரு வாயிலிருந்து வருகிறது. சரித்திரத்தைப் பற்றிய ஒரு பெரிய உண்மையை இத்தனை எளிதாக, ஒரு பிரசங்க வாக்கியமும் இல்லாமல், சிறுவர்கள் சண்டைபோல் நடத்திக் காட்டியிருப்பதை நான் எத்தனை முறை பார்த்தாலும் வியக்கிறேன். பிறகு பேச்சுவாக்கில், பன்யா லூக்கா நகரத்துப் பெண் ஒருத்தியை இருவருமே அறிவார்கள் என்று தெரியவருகிறது. ஒரு நொடி அவர்கள் யுத்தத்துக்கு முன்பிருந்த ஒரே தேசத்தின் இரண்டு இளைஞர்களாகிவிடுகிறார்கள். அந்த நொடி நெடுநேரம் நிலைப்பதில்லை.

நம்முடைய பழைய இலக்கணக்காரர்களுக்கு இவ்விஷயத்தில் ஆழ்ந்த சிந்தனை இருந்தது. தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் எட்டு மெய்ப்பாடுகளை வரிசைப்படுத்துகையில், நகையை முதலில் வைத்து அதை அடுத்து அழுகையை வைத்தார். நகை பிறக்கும் களங்களாக எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கையும் கூறினார். வடமொழியில் 'சாகித்திய தர்ப்பணம்' இயற்றிய விசுவநாதரோ, ஹாஸ்ய ரஸத்துக்குக் கருணையும் பயானகமும் பகை என்று வகுத்தார். ஒன்று நிலைபெறும் இடத்தில் மற்றொன்று குலையும் என்பது அவர் கருத்து. பெரும்பாலான கலைஞர்களுக்கு இது சரியான எச்சரிக்கையே. அப்பகைச் சுவைகள் மூன்றையும் ஒரே பதுங்குகுழியில் அடைத்துவைத்து, ஒன்றை மற்றொன்று கெடுக்காமல் நடத்திச் சென்றதே தானோவிச்சின் சாதனை. அதை அவர் சாதித்த வழியும் தொல்காப்பியர் கூறிய களங்களிலேயே புலப்படுகிறது: சிப்பாய்களிடத்தில் எள்ளல் இருக்கிறது, அவர்களை மீட்பதாக வந்து சேரும் ஸ்தாபனங்களிடத்தில் பேதைமை இருக்கிறது, வெடியின் மேல் படுத்திருக்கும் செராவைக் குறித்து மட்டும் படம் ஓரிடத்திலும் நம்மைச் சிரிக்க விடுவதில்லை.

இந்த நகைச்சுவை ஒரு தனி மனிதனின் கற்பனையில் திடீரென்று உதித்ததன்று. போஸ்னியாவின் தலைநகரான சரயேவோ போருக்கு முன்பிருந்தே பரிகாசத்துக்குப் பேர்போனது. 1980-களில் அந்நகரத்து இளைஞர்கள் சிலர் கூடி 'டாப் லிஸ்தா நத்ரெயாலிஸ்தா' என்ற நிகழ்ச்சியைத் தொலைக்காட்சியில் நடத்திவந்தார்கள். சரயேவோவின் நடுவே மதில் எழுப்பப்பட்டு நகரம் இரண்டாகப் பிரிக்கப்படுவதாகவும், ஒரே குடும்பத்தார் வீட்டின் அறைகளுக்காகத் தமக்குள் யுத்தம் செய்ய அயல்நாட்டுச் சமாதானப் படையினர் இடையில் வந்து நிற்பதாகவும் அவர்கள் நடித்துக் காட்டியபோது, யுகோஸ்லாவியா முழுவதும் வயிறு குலுங்கச் சிரித்தது. சில வருஷங்களுக்குள் அவ்வளவும் நடந்தேறிவிட்டது. குழுவும் சிதறியது: முக்கியஸ்தர்களுள் ஒருவர் பெல்கிரேடுக்குப் போய்விட்டார், மற்றொருவரான பிராங்கோ ஜூரிச் ஸ்லோவேனியாவில் குடியேறினார். அந்த பிராங்கோ ஜூரிச்தான் 'நோ மேன்ஸ் லேண்ட்' படத்தில் சிக்கியாக நடித்தவர் என்று சொன்னால், அவர் முகத்தைக் கண்ட மாத்திரத்தில் அந்த நாட்டு ரசிகர்களின் நெஞ்சில் எத்தனை நினைவுகள் கிளர்ந்திருக்கும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

1992 ஏப்ரலில் தொடங்கி 1996 பிப்ரவரி முடிய 1,425 நாட்கள் சரயேவோ முற்றுகையிடப்பட்டிருந்தது. சுற்றிலும் மலைகள், மலைகளின் மேல் பீரங்கிகள், உயரமான கட்டிடங்களில் குறிபார்த்துச் சுடுபவர்கள். முற்றுகைக் காலத்தில் 11,000 பேருக்கு மேல் மாண்டார்கள். 1984-இல் குளிர்கால ஒலிம்பிக் பந்தயங்கள் நடந்த விளையாட்டரங்கின் அண்டையில் புதைகுழிகள் பெருகின. குடிநீருக்காகப் பாத்திரங்களைச் சுமந்துகொண்டு வரிசையில் நின்றவர்கள் மேல் குண்டுகள் விழுந்தன. சிகரெட்டைச் சுற்றிக் கட்டுவதற்குத் தாள் அகப்படாமல், அச்சடித்த பழைய புத்தகத் தாள்களில் அவற்றைப் பொதிந்து விற்றார்கள். இத்தனைக்கும் நடுவே 1993-இல் அந்நகரத்தார், சுற்றுலாப் பயணிகளுக்கான வழிகாட்டி நூல்களின் பாணியிலேயே, சரயேவோவில் உயிர்வாழ்வது எப்படி என்பதற்கு ஒரு கையேடு தயாரித்தார்கள். எந்தச் சந்திப்பை ஓடிக் கடக்க வேண்டும், அடுப்புக்கு எதை எரிக்கலாம், உபகாரமாக வந்த பொருள்களைக்கொண்டு என்ன சமைக்கலாம் என்றெல்லாம், விருந்தாளிகளை வரவேற்கும் மரியாதையான நடையில் அதை எழுதினார்கள். அதே வருஷம் ஆகஸ்டில் அமெரிக்க எழுத்தாளர் சூசன் சொன்டாக் அங்கு சென்று, மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் பெக்கெட்டின் 'கோடோவுக்காகக் காத்திருத்தல்' நாடகத்தை உள்ளூர் நடிகர்களைக்கொண்டு நடத்தினார். 1995-இல், முற்றுகை முறைப்படி நீங்குவதற்கு முன்பே, முதலாவது சரயேவோ திரைப்பட விழா நடைபெற்றது. ஏறத்தாழ 15,000 பேர் வந்து படம் பார்த்தார்கள்.

யுத்தம் முடிந்து பதினோரு வருஷங்கள் ஆன பின், 2007-இல், அந்நகரத்தில் ஒரு நினைவுச்சின்னம் எழுப்பப்பட்டது. அது பிரம்மாண்டமான ஒரு மாட்டிறைச்சித் தகரடப்பாவின் வடிவம். முற்றுகையின்போது உபகாரமாக விநியோகிக்கப்பட்டு, நாயும் பூனையுங்கூட முகர்ந்து பார்த்து விலகின என்று ஜனங்கள் சொல்லிவந்த அதே டப்பா. நன்றியுள்ள சரயேவோ பிரஜைகள் சர்வதேச சமுதாயத்துக்குச் செய்த சமர்ப்பணம் என்று அதன் பீடத்தில் பொறித்திருக்கிறார்கள். 'நோ மேன்ஸ் லேண்ட்' எந்த மண்ணில் முளைத்தது என்பதை விளக்க இதற்குமேல் ஒரு சாட்சி வேண்டியதில்லை.

தானோவிச் 1969-இல் ஸெனிட்ஸா என்னும் ஊரில் பிறந்தவர். சரயேவோவில் திரைப்படக் கலை பயின்றுகொண்டிருந்தபோது முற்றுகை வந்தது, படிப்பு நின்றது. அவர் போஸ்னிய ராணுவத்தின் திரைப்படப் பிரிவில் சேர்ந்து, காமிராவைத் தூக்கிக்கொண்டு இரண்டு வருஷ காலம் போர்முனைகளில் படம் பிடித்தார். மின்சாரம் இல்லாத ஊரில் காமிராவின் பேட்டரிக்கு மின்னூட்டுவதே அன்றாடப் போராட்டமாயிருந்தது. அந்தக் காட்சிகள் உலகத்துத் தொலைக்காட்சிகளில் எல்லாம் இரவுதோறும் காட்டப்பட்டன. 1994 முடிவில் அவர் வெளியேறி, பெல்ஜியத்தின் தலைநகரான பிரஸ்ஸல்ஸில் மீண்டும் மாணவராகச் சேர்ந்தார். உண்மையான மரணத்தை நேருக்கு நேர் படம் பிடித்த ஒருவர், முதல் கதைப்படம் எடுக்க வாய்த்தபோது ஏன் நகைச்சுவையைத் தேர்ந்தார் என்பது யோசிக்கத்தக்கது. கண்ணீர் வருவிக்கும் காட்சிகளை உலகம் ஏற்கெனவே போதுமான அளவு பார்த்துவிட்டது. பார்த்தும் மூன்றரை வருஷங்கள் அந்த யுத்தம் நீடித்தது. சுமார் ஒரு லட்சம் பேர் மாண்டார்கள். அழுதவர்கள் அழுததோடு கடமை முடிந்ததென்று எழுந்து போகலாம். சிரித்துவிட்டவனுக்கு அந்த வசதி இல்லை. தான் எதைக் கண்டு சிரித்தோம் என்று அவன் தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. தானோவிச்சின் தேர்வுக்கு நான் காணும் காரணம் இதுவே.

இனி, இத்தகைய படத்தை எடுப்பதில் உள்ள நடைமுறைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். யுத்தத்தில் நொறுங்கிய தேசத்தில் ஸ்டூடியோ இராது, முதல் போட ஆள் இராது, படத்தை வெளியிடக் கொட்டகைகளும் இரா. ஆகவே போஸ்னியா, ஸ்லோவேனியா, இத்தாலி, பிரான்ஸ், பெல்ஜியம், பிரிட்டன் என்னும் ஆறு தேசத்துப் பணம் இந்தப் படத்தில் ஒன்றுசேர்ந்தது. ஒளிப்பதிவாளர் வால்தர் வாண்டன் எண்டே பெல்ஜியர். படத்தொகுப்பு செய்த ஃபிரான்செஸ்கா கால்வெல்லி இத்தாலியர். நீனோவாகவும் செராவாகவும் நடித்த ரெனே பித்தோராயத்ஸும் ஃபிலிப் ஷோவாகோவிச்சும் குரோவேஷியர்கள். இசையைத் தானோவிச் தாமே அமைத்தார். படத்தில் காணும் பதுங்குகுழியோ ஸ்லோவேனியாவின் மண்ணில் தோண்டப்பட்டது. அப்போது போஸ்னியாவின் மண்ணில் கண்ணிவெடிகள் ஏராளமாகப் புதைந்து கிடந்தன. அவற்றை முற்றும் அகற்றுவதற்கு சர்வதேச உடன்படிக்கைப்படி முதலில் குறித்த 2009 என்ற கெடு, பிறகு 2019 ஆயிற்று. அதற்குப் பிறகும் நீட்டிக்கப்பட்டது.

வறுமையே இங்கே வடிவமாக மாறியிருக்கிறது. ஒரே இடம், ஒரே பகல், மூன்று மனிதர்கள். சண்டைக் காட்சிகளுக்காகப் பெருஞ்செலவு செய்ய வேண்டியதில்லை என்பதோடு, தப்பிக்க இயலாத நெருக்கமே நகைச்சுவைக்கு வேண்டிய இறுக்கத்தையும் தந்துவிடுகிறது. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். யுத்தப் படம் என்றால் புகையும் சேறும் இருட்டுமாகக் காட்டுவது வழக்கம். இப்படத்தில் பனி விலகிய பின் பளிச்சென்ற கோடை வெயில், பசும்புல், தெளிந்த நீல வானம். எல்லாம் துலக்கமாகத் தெரியும் வெளிச்சத்தில் மனிதர்கள் இவ்வளவு மூடத்தனமாக நடந்துகொள்கிறார்களே என்ற எண்ணம் பார்ப்பவனுக்குத் தானாகவே எழுகிறது. நடிகர்கள் ஒருவரும் நகைச்சுவை நடிகர்களைப்போல் நடிக்கவில்லை. தாங்கள் வேடிக்கையான நிலையில் இருக்கிறோம் என்பது அந்தப் பாத்திரங்களுக்குத் தெரியவே தெரியாது. ஒரு சிப்பாய் பதுங்குகுழியில் பத்திரிகை படித்துக்கொண்டிருந்துவிட்டு, ருவாண்டாவின் நிலைமை எவ்வளவு மோசமாயிருக்கிறது என்று உண்மையாகவே வருத்தப்படுகிறான். அவன் தன் வருத்தத்தை மனப்பூர்வமாகச் சொல்கிறான் என்பதனால்தான் நமக்குச் சிரிப்பும் வருகிறது, தொண்டையும் அடைக்கிறது.

மூவரையும் மீட்க ஐக்கிய நாடுகளின் நீலத் தொப்பிப் படையினர் வருகிறார்கள். மார்ஷாந் என்ற பிரெஞ்சு சார்ஜண்ட் நல்லவன்; தலையிடக் கூடாது என்ற மேலிடத்து உத்தரவை மீறி ஏதாவது செய்ய முயல்கிறான். பத்திரிகையாளப் பெண் ஒருத்தி செய்தியை மோப்பம் பிடித்து உலகத்துக்கு அறிவித்துவிட, வேறு வழியின்றி மேலதிகாரிகள் அசைகிறார்கள். ஜெர்மானிய வெடி நிபுணர் ஒருவர் குறித்த நேரத்துக்கு நிமிஷம் தவறாமல் வந்து, சாவதானமாகப் பரிசோதித்து, இந்த வெடியைச் செயலிழக்கச் செய்ய முடியாது என்று சொல்லிவிட்டு விலகுகிறார். சிக்கியும் நீனோவும் காமிராக்களின் எதிரிலேயே செத்து விழுகிறார்கள். மேலதிகாரி ஒரு தந்திரம் செய்கிறார்: செராவை மீட்டுவிட்டதாகப் பத்திரிகையாளர்கள் நம்பும்படி வேறோர் உடலைத் தூக்கிச் செல்லச் செய்து, எல்லோரையும் கலைத்து அனுப்பிவிடுகிறார். பதுங்குகுழியைப் படம் எடுக்கவா என்று காமிராக்காரன் கேட்க, வேண்டாம், குழிகள் எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும் என்கிறாள் அப்பெண். செரா வெடியின் மேல் படுத்தபடியே விடப்படுகிறான். காமிரா மேலே மேலே எழும்பி விலகுகிறது, அவன் அசையாமல் கிடக்கிறான், படம் முடிந்துவிடுகிறது.

இங்கேதான் நான் முன்பு சொன்ன கட்டுப்பாடு இருக்கிறது. அந்தக் கடைசி நிமிஷங்களில் ஒரு ஹாஸ்யமும் இல்லை. மனத்தை லேசாக்கி வெளியே அனுப்பும் ஒரு சொல்லும் இல்லை. 1995 ஜூலையில் ஸ்ரெப்ரெனிட்சாவில், ஐக்கிய நாடுகளின் பாதுகாப்புப் பிரதேசம் என்று அறிவிக்கப்பட்ட ஊரில், 8,000 அளவிலான ஆண்களும் சிறுவர்களும் கொல்லப்பட்டதை அறிந்த ஒரு நாட்டான் செராவை மீட்பதுபோல் கதை எழுதியிருந்தால் அது பொய்யாயிருக்கும். தூரத்தில் இருந்துகொண்டு சிரித்தவர்களின் நிலைமை இதனின்றும் வேறுபட்டது. சாப்ளின் 1940-இல் 'தி கிரேட் டிக்டேட்டர்' படத்தில் ஹிட்லரைப் பரிகசித்தார். அவருடைய துணிவில் யாருக்கும் சந்தேகமில்லை. ஆயினும், ஜெர்மானியச் சிறைமுகாம்களின் முழுக் கொடுமையும் அப்போது தெரிந்திருந்தால் அந்தப் படத்தை எடுத்திருக்க முடியாது என்று பிற்காலத்தில் அவரே எழுதினார். கலிபோர்னியாவில் இருந்தவருக்கு எல்லை எங்கே என்பது காலம் கடந்து தெரிந்தது. சரயேவோவில் இருந்தவருக்கு அது முதல் நாளே தெரிந்திருந்தது.

உள்ளே பிறந்தவன் என்ற ஒரு தகுதி மட்டும் போதாது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். எமிர் குஸ்துரிட்சா சரயேவோவில் பிறந்தவர், மகா மேதை. அவருடைய 'அண்டர்கிரவுண்ட்' 1995 மே 28-ஆம் தேதி கான் விழாவில் தலையாய பரிசைப் பெற்றது. அதற்கு மூன்று நாட்களுக்கு முன்புதான் போஸ்னியாவின் தூஸ்லா நகரத்துக் கடைவீதியில் விழுந்த ஒரே குண்டில் 71 பேர், பெரும்பாலும் இளவயதினர், மடிந்திருந்தார்கள். ஓயாத பித்தளை வாத்திய இசையும் குடியும் கூத்துமாக, யுகோஸ்லாவியாவின் அரை நூற்றாண்டை ஒரு நிலவறைக்குள் அடைத்துக்காட்டும் அப்படத்துக்கு, போர் நடந்துகொண்டிருக்கையில் பெல்கிரேடின் அரசுத் தொலைக்காட்சியும் பங்குதாரராயிருந்தது. பிரெஞ்சு அறிஞர் அலென் ஃபின்கெல்க்ரோ அதைக் கண்டித்து எழுதினார். படத்தைப் பார்க்காமலே எழுதினார் என்பது பிற்பாடு பெரிய விவகாரமாயிற்று. படத்தைப் பார்த்த என் அபிப்பிராயம், கலைத்திறன் மிகுந்த அந்தச் சிருஷ்டியில் வெறியாட்டம் எல்லோரையும் சமமாக அடித்துக்கொண்டு போய்விடுவதால், யார் யாரைக் கொன்றார்கள் என்ற கேள்வி இசையின் இரைச்சலில் அமிழ்ந்துவிடுகிறது என்பதே. ஸ்ர்ஜான் திராகோயெவிச் 1996-இல் செர்பியர்களின் தரப்பிலிருந்தே எடுத்த 'அழகிய கிராமங்கள் அழகாக எரிகின்றன' என்ற படம், சகோதரத்துவம், ஒற்றுமை என்ற பெயர்களைத் தாங்கிய ஒரு சுரங்கப்பாதையின் திறப்பு விழாவில் நாடா வெட்டும் பிரமுகர் தம் விரலையே வெட்டிக்கொள்வதில் ஆரம்பமாகிறது. பல வருஷங்களுக்குப் பின் அதே சுரங்கத்தில் செர்பியச் சிப்பாய்கள் சிக்கிக்கொள்கிறார்கள். தங்கள் கூட்டத்தார் வைத்த தீயைத் தாங்களே காட்டுகின்ற நேர்மை அதில் ஓரளவு இருக்கிறது. ஆயினும் காமிரா சுரங்கத்துக்குள்ளேயே இருப்பதால், வெளியே நிற்கும் முஸ்லிம் போராளிகள் பெரும்பாலும் குரல்களாகவே ஒலிக்கிறார்கள்.

வேறொரு யுத்தத்தைப் பற்றி, அது ஓய்வதற்குள்ளாகவே, அது நடந்த தேசத்திலேயே எடுக்கப்பட்ட படம் ஒன்றும் உண்டு. செர்கெய் லொஸ்னித்ஸாவின் 'டொன்பாஸ்' 2018-இல் கான் விழாவின் ஒரு பிரிவில் சிறந்த இயக்கத்துக்கான பரிசைப் பெற்றது. உக்ரைனின் கிழக்குப் பிரதேசத்தில் நடந்த சண்டையைப் பற்றிய அதன் பதின்மூன்று அத்தியாயங்கள், பொதுஜனங்கள் தம் கைப்பேசிகளில் எடுத்து வெளியிட்ட காட்சிகளை ஆதாரமாகக் கொண்டவை. படப்பிடிப்பு உக்ரைனின் கிரிவீ ரீஹ் நகரத்தில் நடந்தது. முதல் காட்சியில், குண்டுவெடிப்பை நேரில் கண்ட சாட்சிகளாகத் தொலைக்காட்சியில் தோன்றுவதற்காகச் சில கூலி நடிகர்களுக்கு ஒரு வண்டிக்குள் வைத்து முகப்பூச்சு இடுகிறார்கள். பொய்யை உற்பத்தி செய்யும் தொழில் இப்படி அன்றாட வேலையாக நடப்பதைக் காட்டும் இடத்தில் சிரிப்பு எழுகிறது. பிடிபட்ட சிப்பாயைக் கம்பத்தில் கட்டிவைத்து வழிப்போக்கர்கள் வதைக்கும் இடத்தில் அது முற்றிலும் செத்துப்போகிறது. தானோவிச்சுக்குக் கிடைத்த கால இடைவெளி லொஸ்னித்ஸாவுக்குக் கிடைக்கவில்லை. அந்த வேறுபாடு படத்தின் உறைந்த குளிர்ச்சியில் தெரிகிறது.

இவை எல்லாவற்றிலும் என் மனத்துக்கு மிகவும் நெருக்கமானது பியர் ஜாலிட்சா 2003-இல் எடுத்த 'கோரி வாத்ரா'. இது ஆங்கிலத்தில் 'ஃபியூஸ்' என்ற பெயரில் வெளிவந்தது. லொகார்னோ திரைப்பட விழாவில் வெள்ளிச் சிறுத்தைப் பரிசு பெற்றது. யுத்தம் முடிந்து இரண்டு வருஷங்கள் ஆன சமயத்தில், தேஷான் என்ற சிற்றூருக்கு அமெரிக்க ஜனாதிபதி கிளிண்டன் வரப்போகிறார் என்ற செய்தி வருகிறது. உடனே ஊர் தன் கள்ளக்கடத்தலையும் லஞ்சத்தையும் மறைத்து, நேற்றுவரை ஒருவரையொருவர் சுட்டுக்கொண்ட செர்பியர்களையும் போஸ்னியர்களையும் ஒரே தீயணைப்புப் படையில் தோளோடு தோள் நிறுத்தி, ஜனநாயகமும் சிநேகமும் பொங்கி வழிவதுபோல் காட்டியாக வேண்டும். இந்த ஏற்பாடுகளின் குழப்பத்தில் கொட்டகை அதிர்கிறது. ஆனால் அதே ஊரில் ஓய்வுபெற்ற போலீஸ் அதிகாரி ஒருவர் இருக்கிறார். அவருடைய மூத்த மகன் யுத்தத்தில் காணாமற்போனவன், உடலும் கிடைக்கவில்லை. அந்தக் கிழவர் தம் மகன் எதிரில் இருப்பதாகக் கண்டு, அவனோடு சகஜமாகப் பேசிக்கொண்டிருக்கிறார். போக்தான் தீக்லிச் என்ற நடிகர் இதை நடித்திருக்கும் விதத்தில் மிகை என்பது எள்ளளவும் இல்லை; பைத்தியம் என்று சொல்லவும் நமக்கு வாய் வருவதில்லை. போஸ்னியாவில் அந்த யுத்தத்தின் முடிவில் சுமார் 30,000 பேர் காணாமற்போனவர்களாயிருந்தார்கள். அவர்களின் எலும்புகளைத் தோண்டியெடுத்து, உறவினர்களின் ரத்த மாதிரிகளோடு மரபணுவை ஒப்பிட்டு, இன்னார் என்று பெயர் சொல்லி வீட்டாரிடம் ஒப்படைக்கும் பணி பல வருஷங்கள் நடந்தது. அப்பணி முடியாத வீடுகளில் எல்லாம் இந்தக் கிழவரைப் போன்ற ஒருவர் இருந்தார்.

ஜாலிட்சாவும் முற்றுகைக் காலத்துச் சரயேவோவில் காமிராவோடு இருந்தவர்தாம். தீயணைப்புப் படையினர் ஒத்திகையில் ஒருவரையொருவர் நம்ப முடியாமல் தண்ணீர்க் குழாயைப் பிடித்துத் தடுமாறுகையில் சிரிக்கும் அதே கொட்டகைக்குள், அடுத்த காட்சியில் தந்தையும் மகனும் பேசுவதையும் அவர் வைத்துவிடுகிறார். இரண்டுக்கும் இடையே இசையால் பாலம் கட்டுவதில்லை, பார்ப்பவனைத் தயார்ப்படுத்துவதும் இல்லை. இவ்விரு போஸ்னியப் படங்களையும் பார்க்க விரும்பும் வாசகர்கள், பரிசுகளின் பெருமையை வைத்து 'நோ மேன்ஸ் லேண்ட்' படத்தை மட்டும் பார்த்துவிட்டு நிறுத்திக்கொள்ளாமல், அதற்கு மறுநாளாவது 'கோரி வாத்ரா'வையும் பார்க்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். முன்னது யுத்தத்தின் ஒரு பகலைக் காட்டுகிறது, பின்னது யுத்தம் முடிந்துவிட்டதாக எல்லோரும் அறிவித்த பிறகு அந்த மனிதர்கள் எழுந்து வேலைக்குப் போவதைக் காட்டுகிறது.